ஆயில் கூடுகிறது என்று எழுதியிருந்தாயே

பூதப்பாண்டி
ஆவணி 20

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. மாமனார் விட்டுச்சென்ற பழைய மாசி பெர்குசன் 1035 டிராக்டரைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து நீயே ஓட்டத் தொடங்கியிருக்கிறாய் என்பதில் மகிழ்ச்சி. ஆனால், உன் வண்டி ஆயில் குடிப்பதே இல்லை என்றும், ஆயிலை அளக்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் அளவு முன்பைவிடக் கூடித்தான் இருக்கிறது என்றும் நீ பெருமையோடு எழுதியிருந்ததைப் படித்ததும் அந்த மகிழ்ச்சி பாதியாகிவிட்டது. கிணற்றில் நீர் ஊறும். எஞ்சினில் ஆயில் ஊறாது. அளவு கூடினால் உள்ளே வேறு ஏதோ இறங்குகிறது என்றே பொருள்.

டிப் ஸ்டிக்கின் முனையை முகர்ந்து பார். டீசல் வாசனை அடித்தால், டாங்கியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சிறிய பம்பின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வான டயாபிரம் கிழிந்திருக்கக் கூடும். அந்தக் கிழிசல் வழியாக டீசல் சொட்டுச் சொட்டாக, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்குள் இறங்கும். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைத் தாங்காது என்பது ஒருபுறம். அளவு மிஞ்சினால் எஞ்சின் அந்தக் கலவையையே இழுத்து எரிக்கத் தொடங்கி, ஸ்டாப் குமிழை இழுத்தாலும் நிற்காமல் ஓடிவிடும் என்பது இன்னொருபுறம். வாசனையில் தெளிவு பிறக்காவிட்டால், ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விட்டு ஒரு மணி நேரம் காத்திரு. டீசல் கலந்திருந்தால் கறுப்புப் புள்ளியைச் சுற்றி நிறமற்ற ஈரவளையம் அகலமாகப் படரும். ஆயில் பால் கலந்த காப்பி போல இருந்தால் அது தண்ணீர், அதன் வைத்தியம் வேறு. எதுவானாலும் முதலில் பழுதைச் சரிசெய். ஆயிலைப் பிறகு மாற்று.

இங்கே முதல் போக நெல்லான கன்னிப்பூ அறுவடை முடிந்துவிட்டது. அடுத்த போகமான கும்பப்பூவுக்குத் தொளி உழவு, அதாவது சேற்று உழவு, தொடங்குவதற்குள் என் வண்டிக்குச் சென்ற வாரம்தான் ஆயிலும் பில்டரும் மாற்றினேன். உங்கள் அம்பாசமுத்திரத்தில் பிசான நெல் சாகுபடிக்கு இன்னும் நாள் இருப்பதால் நீ நிதானமாகச் செய்யலாம். ஆயிலில் எதுவும் கலக்காத நாட்களில் எஞ்சினைக் கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு, ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்று; இம்முறை ஓட்டாமலே கழற்று. சூட்டில்தான் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து இறங்கும். பிளக்கின் செம்பு வாஷரைத் தூக்கி எறியாதே. அதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் இளகிவிடும், மறுபடியும் கசியாமல் உட்காரும். நான் இதை அடுக்களை அடுப்பில் செய்ததற்கு வீட்டில் கிடைத்த மரியாதையை நேரில் சொல்கிறேன்.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் பில்டர். நம்முடையவை போன்ற பழைய எஞ்சின்களில் பில்டர் ஓர் இரும்புக் கிண்ணத்துக்குள் இருக்கும். நடுவே ஒரு நீண்ட போல்ட் அந்தக் கிண்ணத்தை மேலே உள்ள தலைப்பகுதியோடு இறுக்கிப் பிடித்திருக்கும். கிண்ணத்தின் விளிம்பு பொருந்தும் காடியில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. பல ஆண்டுச் சூட்டில் அது இறுகிக் கறுத்து, இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய வளையம் என்று ஒன்று அங்கே இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் அவசரத்தில் அதை எடுக்காமல் அதன் மேலேயே புது வளையத்தை வைத்து இறுக்கிவிட்டேன். வரப்பைத் தாண்டுவதற்குள் ஆயில் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் முள் கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்தால் கொட்டகையிலிருந்து வயல் வரை கறுப்புக் கோடு. உடனே நிறுத்தியதால் எஞ்சின் பிழைத்தது, புதிதாக ஊற்றிய ஆயில் மண்ணுக்குப் போயிற்று. இப்போதெல்லாம் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு, கோணி ஊசியால் அந்தக் காடியைச் சுற்றிலும் கிளறிப் பார்க்காமல் புது வளையத்தைத் தொடுவதில்லை. கிண்ணத்தின் அடியில் இருக்கும் ஸ்பிரிங்கையும் அதன் மேல் உட்காரும் தட்டையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு சிரட்டையில் போட்டு வை.

எந்த ஆயில் என்று கேட்டிருந்தாய். டீசல் எஞ்சினுக்கு உரிய 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40, இரண்டில் எது கிடைத்தாலும் போதும். முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டுவது, மார்கழி விடியலிலும் நம் ஊர்களில் அந்தக் கவலைக்கு இடமில்லை. இத்தனை லிட்டர் என்ற கணக்கை நம்பி மொத்தத்தையும் ஒரேயடியாக ஊற்றிவிடாதே. டிப் ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து ஊற்று. பிறகு ஸ்டாப் குமிழை இழுத்துப் பிடித்தபடி, எஞ்சின் பற்றாமல், பிரஷர் முள் அசையும் வரை ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டுச் சுழற்று. வெறும் பில்டரோடு எஞ்சினைச் சீறவிடுவது எனக்குப் பிடிக்காது. ஓட்டி நிறுத்தியபின் அளவு சற்று இறங்கியிருக்கும், ஏனெனில் கிண்ணம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், அதை நிரப்பிவிடு. இரண்டே நாளில் புது ஆயில் கறுத்துவிட்டால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதே. டீசல் எஞ்சினின் கரியை ஆயில் தன்னுள் ஏந்திக்கொள்கிறது, அது அதன் வேலை. வடித்த ஆயிலை மட்டும் வாய்க்கால் பக்கம் கொண்டுபோகாமல் டப்பாவில் அடைத்து வை, பழைய ஆயில் வாங்குபவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

மகன் இந்த வண்டியை விற்றுவிடச் சொல்கிறான். சுற்றியுள்ள வயல்கள் வாழையாகவும் தென்னையாகவும் மனையாகவும் மாறிக்கொண்டிருப்பதால் அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் கும்பப்பூ முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். சென்ற பூவுக்கும் இதையேதான் சொன்னேன்.

நாகர்கோவிலில் பில்டர் வாங்கியபோது வளையம் இரண்டு வாங்கினேன். ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். உன் கிண்ணத்தின் விளிம்பில் வைத்து அளவு பார்த்துக்கொள். டயாபிரத்தைக் கழற்றிப் பார்த்ததும் எழுது. அதுவரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதே.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்