நாற்பத்திரண்டு சீட்டு எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'தி ஹங்கர் கேம்ஸ்' படத்தைப் பள்ளிகளில் திரையிடலாம் என்று மாணவர் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். திரையிடட்டும். ஆனால் 2012-இல் வந்த அந்தப் படத்தைச் சும்மா ஓட்டிவிட்டால், பிள்ளைகள் வில்லையும் நெருப்பு உடையையும் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். சுசான் காலின்ஸ் 2008-இல் எழுதிய நாவலுக்கு அடியில் கிடப்பது ஒரு ரேஷன் கணக்கு. படத்தின் திரைக்கதையில் அவர் பெயரும் உண்டு. இருந்தும் அந்தக் கணக்கு படத்தில் ஓரிரு வசனமாகத் தேய்ந்துவிட்டது.

பானெம் என்ற கற்பனை நாட்டில் ஆண்டுதோறும் 12 மாவட்டங்களிலிருந்தும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் குலுக்கலில் எடுத்து, ஒருவர் மிஞ்சும் வரை ஒருவரையொருவர் கொல்லக் களத்தில் இறக்குகிறார்கள். அந்தக் குலுக்கலின் கணக்கு இதுதான். 12 வயதில் குலுக்கலில் உங்கள் பெயருக்கு ஒரு சீட்டு. ஆண்டுக்கு ஒன்று கூடி 18 வயதில் ஏழு. வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லையா? கூடுதலாக ஒரு சீட்டுப் போட்டால் ஒரு ஆளுக்கு ஓராண்டுக்குக் கொஞ்சம் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். வீட்டில் எத்தனை தலையோ அத்தனை சீட்டு வரை போடலாம். போட்டது அடுத்த ஆண்டு கழியாது, சேர்ந்துகொண்டே போகும். கதாநாயகி காட்னிஸுக்கு 16 வயது, வீட்டில் மூன்று பேர். ஆண்டுக்கு 1 + 3, ஐந்து ஆண்டில் 20 சீட்டு. அவள் நண்பன் கேலுக்கு 18 வயது, வீட்டில் ஐந்து பேர். ஆண்டுக்கு 1 + 5, ஏழு ஆண்டில் 42. படத்தில் அவன் "நாற்பத்திரண்டு" என்று சொல்லிவிட்டுப் போகிறான். அது எப்படி வந்தது என்று படம் சொல்வதில்லை. நம் ரேஷன் கடையில் கைரேகை வைத்தால் அரிசி, பாமாயில். அங்கே பிள்ளையின் பெயரை வைக்க வேண்டும். இதைச் சொன்னால் குடியாத்தம் பிள்ளைக்கும் உடனே பிடிபடும்.

படத்துக்கு முன் பத்து நிமிடம் கரும்பலகையில் செலவிடுங்கள். 16 வயதில் 30 மாணவிகள், ஆளுக்கு 5 சீட்டு: மொத்தம் 150, எல்லோருக்கும் முப்பதில் ஒரு வாய்ப்பு. இவர்களில் பத்துப் பேர் காட்னிஸைப் போல வீட்டுக்காகத் தலா 15 சீட்டு கூடுதலாகப் போட்டவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மொத்தம் 300, அதில் 200 அந்தப் பத்துப் பேருடையவை. அவர்களுக்குப் பதினைந்தில் ஒன்று. மற்றவர்களுக்கு அறுபதில் ஒன்று. பசியில்லாத வீட்டுப் பெண்ணின் ஆபத்து பாதியாகிவிட்டது, அவள் ஒன்றுமே செய்யாமல். இத்தனைக்கும் பிறகு, ஒரே ஒரு சீட்டு வைத்திருந்த காட்னிஸின் 12 வயதுத் தங்கை பிரிம் பெயர் குலுக்கலில் வருகிறதே, அங்கே வகுப்பு தானாகவே சண்டை போட ஆரம்பிக்கும்.

சொல் ஒன்றும் கவனிக்க வேண்டியது. களத்துக்கு அனுப்பப்படும் 24 பிள்ளைகளை உங்கள் கட்டுரை 'போட்டியாளர்கள்' என்றது. ஆங்கில மூலத்தில் உள்ள 'ட்ரிப்யூட்' என்ற சொல், தோற்றவன் வென்றவனுக்குக் கட்டும் கப்பத்தைக் குறிப்பது. பாளையக்காரர்கள் நவாபுக்குக் கப்பம் கட்டிய ஆற்காட்டுச் சீமையில் இதை விளக்கவே வேண்டாம். 'கப்பப் பிள்ளைகள்' என்றால் கதை பாதி புரிந்துவிடும். கதையில் வரும், ஒரு மாவட்டத்துக்கு ஒரு தொழில் என்ற ஏற்பாடும் அப்படித்தான்: ஆம்பூர் என்றால் தோல், குடியாத்தம் என்றால் கைலி, தீப்பெட்டி. நல்லவேளை, 2019-இல் நம் வேலூர் மாவட்டத்தை மூன்றாக்கியபோது, கதையில் உள்ளது போல மின்வேலி போடவில்லை.

நாவலில், களத்தில் காட்னிஸுக்குத் தோழியான சிறுமி ரூ இறந்ததும் அவளுடைய பதினொன்றாம் மாவட்டத்து ஏழைகள் காட்னிஸுக்கு ரொட்டி அனுப்புகிறார்கள். படத்தில் அந்த இடத்தில் கலவரம். திரைக்குக் கலவரம் எடுப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பானெம் என்ற நாட்டின் பெயரே ரொட்டிக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதை வைத்துப் பார்த்தால் இது பெரிய இழப்பு.

இனி, திரையிடும் நாளில் கெடுவது எது என்று பார்ப்போம். படம் 142 நிமிடம்; இரண்டு பாடவேளையில் அடங்காது. களத்துக்குள் நுழைவதற்குச் சற்று முன் நிறுத்தி இடைவேளை விடுங்கள். கேமரா கையிலேயே ஆடுவதால் முன்வரிசைக்குத் தலை சுற்றும். எட்டடித் திரை என்றால் முதல் பெஞ்சு பன்னிரண்டடி தள்ளி இருக்கட்டும். திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து நாலடிக்கு மேல் இல்லாவிட்டால் முன்னால் இருப்பவர் தலை சப்டைட்டிலை மறைக்கும். அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழே பெற்றோர் எச்சரிக்கையோடு வந்த படம் இது, ஆறாம் வகுப்பு வேண்டாம். பள்ளிக்குள் மாணவர், ஆசிரியர், பெற்றோருக்கு மட்டும் காட்டப் பதிப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவு இடம் தருகிறது. தெருவையே அழைப்பதானால் அனுமதி வாங்க வேண்டும்.

தமிழ் சப்டைட்டில் கோப்பு ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் பழைய எழுத்துருவில் அடித்தது; யூனிகோடுக்கு மாற்றி யூ.டி.எஃப்-8 என்ற குறியீட்டு முறையில் சேமிக்க வேண்டும். தொடக்கம் முதல் வசனம் ஒரே அளவு தள்ளிப் போனால், படம் ஓட்டும் விஎல்சி மென்பொருளில் ஜி, எச் விசைகள் போதும். போகப் போக விலகினால் அவை உதவாது. நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பிரதிக்குச் செய்த கோப்பை 24 ஃபிரேம் பிரதியோடு ஓட்டினால் கடைசியில் வசனம் ஏறக்குறைய ஆறு நிமிடம் முந்திவிடும். ஃபிரேம் வேகத்தை மாற்றித்தான் சேமிக்க வேண்டும், அதையும் முந்தின நாளே கடைசிக் காட்சி வரை ஓட்டிப் பார்த்து.

இப்படிக்கு,
படம் திரையிடும் நண்பர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.