பரிணாமத்தைப் பத்தாம் வகுப்புக்குத் திருப்பிக் கொடுங்கள்

என்.சி.இ.ஆர்.டி. அறிவியல் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு அறிவியலில் 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடத்தை நீங்கள் 'மரபு' என்று சுருக்கிவிட்டீர்கள். 2023-இல் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு இதை எதிர்த்தார்கள். கொரோனா காலத்துக்குப் பிறகு பாடச்சுமையைக் குறைக்கிறோம், பன்னிரண்டாம் வகுப்பில் இந்தப் பாடம் இருக்கத்தானே செய்கிறது என்றீர்கள். சரி, இருக்கிறது. ஆனால் பத்தாவது முடித்து வணிகவியலோ கணினியோ எடுக்கிற பிள்ளை அந்தப் பக்கத்தைப் புரட்டவே போவதில்லை. அவர்களுக்குப் பத்தாம் வகுப்புதான் கடைசி வாய்ப்பு. தமிழ்நாட்டு மாநிலப் பாடநூலில் பத்தாம் வகுப்பிலேயே உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடம். அதே ஊரில், அடுத்த தெருவில் சி.பி.எஸ்.இ. படிக்கும் பிள்ளைக்கு அது இல்லை.

இதில் எனக்கு அதிகம் வலிப்பது என்ன தெரியுமா? பரிணாமத்துக்கான மிக அருமையான சான்றுகளில் சில நம் மண்ணிலேயே கிடைத்தவை.

ஜம்முவின் கலாகோட் பகுதியில் ஏ. ரங்கா ராவ் என்ற புவியியலாளர் புதைபடிவப் பாறைகளைச் சேகரித்தார். அவற்றில் இருந்த சில பற்களையும் தாடைத் துண்டுகளையும் வைத்து 'இண்டோஹியஸ்' என்ற விலங்குக்குப் பெயரும் வைத்தார். மீதிப் பாறைகள் உடைக்கப்படாமலே கிடந்தன. அவர் மறைந்த பிறகு அவருடைய மனைவி அவற்றை ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். ஆய்வகத்தில் சுத்தம் செய்தபோது ஒரு மண்டையோட்டின் காதுப்பகுதி தவறுதலாக உடைந்தது. உடைந்த இடத்தில் பார்த்தால், காதெலும்பின் உட்சுவர் தடித்திருக்கிறது. அதுவரை திமிங்கில இனத்தில் மட்டுமே தெரிந்திருந்த அமைப்பு அது! இண்டோஹியஸ் ஏறக்குறைய பூனையளவு உள்ள, குளம்புக்கால் விலங்கு. வாழ்ந்தது சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. நீர்யானைக்கு இருப்பதைப் போல அதன் கால் எலும்புகளும் கெட்டியாக, கனமாக இருந்தன. தண்ணீரில் இறங்கி நடந்து திரிய அது வசதி. இந்த ஆய்வு 2007-இல் வெளியானது.

அதற்கு முன்பே பாகிஸ்தானில் நான்கு கால் திமிங்கிலமான பாக்கிசீட்டஸ் கிடைத்திருந்தது. ஆடு, மாடு, மான் போன்ற இரட்டைக் குளம்பு விலங்குகளுக்கே உரிய கணுக்கால் எலும்பு ஆதித் திமிங்கிலங்களுக்கும் இருந்ததை 2001-இல் அங்கிருந்து வந்த எலும்புகளே காட்டின. நம் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் பழைய திமிங்கிலப் படிவங்கள் உண்டு. மண்ணைத் தோண்டாமல் மரபணுவை மட்டும் ஒப்பிட்டவர்களும் அதே இடத்துக்குத்தான் வந்தார்கள்: இன்று உயிரோடு இருப்பவற்றில் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை. டால்பின் கருவில் பின்னங்கால் மொட்டு தோன்றி, சில வாரங்களில் மறைகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வழிகளில் தேடியவர்கள் எல்லாரும், நிலத்தில் நடந்த குளம்பு விலங்குகளின் வழியில் வந்ததுதான் திமிங்கிலம் என்ற ஒரே விடையில் வந்து நிற்கும்போது அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஊதாத் தவளையையும் பாருங்கள். ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் இருந்துவிட்டு, மழை தொடங்கும் நேரத்தில் சில நாட்கள் மட்டும் மேலே வரும். இடுக்கியில் கிடைத்த இந்த இனம் 2003-இல் அறிவிக்கப்பட்டது. திருவில்லிபுத்தூர் பக்கத்து மலையில் கிடைத்த அதன் சகோதர இனத்துக்கு, அகத்தியமலையில் களப்பணியின்போது இறந்த ஆய்வாளர் பூபதியின் பெயரை 2017-இல் வைத்தார்கள். இவற்றின் நெருங்கிய உறவுத் தவளைகள் இருப்பது கடலுக்கு அப்பால், செஷல்ஸ் தீவுகளில்! உப்பு நீர் பட்டால் தாங்காத தவளை எப்படி அங்கே போயிற்று? இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாக இருந்து, ஆறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பிரிந்தவை என்று தெரிந்துகொண்ட பிள்ளைக்கு விடை தானாகப் புலப்படும்.

என் வகுப்பில் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துப் பிடித்து மணிக்கட்டை லேசாக உட்பக்கம் மடக்கச் சொல்வேன். பலருக்கு நடுவில் கயிறு மாதிரி ஒரு தசைநாண் புடைக்கும். சிலருக்கு அது இருக்கவே இருக்காது. இல்லாதவர்களின் பிடி ஒன்றும் தளர்ந்துவிடுவதில்லை. "ஏன் சார் எனக்கு இல்லை?" என்று கேட்கிற பிள்ளைக்கு, மூதாதையரிடமிருந்து வந்து இன்று தேவை குறைந்துபோன உறுப்பு அது என்று பதில் சொல்லப் போனால், நீக்கப்பட்ட பாடத்துக்குள் போயே ஆகவேண்டும்.

குரங்கு மனிதனாக மாறியதை யாரும் கண்டதில்லை என்று 2018-இல் மத்திய இணை அமைச்சர் ஒருவரே சொன்னார். மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து மறுத்தன. பரிணாமத்தை யார் கண்டது என்பதற்குக் காசநோய் மருத்துவரிடமும் பதில் உண்டு. கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு, தற்செயலான மரபணு மாற்றத்தால் ஒரு மருந்துக்குத் தப்பிவிடும். மற்றவை செத்துப்போக, தப்பியவை பெருகும். அதனால்தான் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்து மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள். இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடாதே என்று வீட்டில் எடுத்துச் சொல்லப்போவது இந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைதான். ஏன் நிறுத்தக்கூடாது என்பது அதற்குப் புரிய வேண்டாமா?

புதிய பாடத்திட்டத்தின்படி நீங்கள் எழுதும் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமம் முழுப் பாடமாக வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சுமைதான் கவலை என்றால் மனப்பாடம் செய்யும் வரையறைகளைக் குறையுங்கள். கலாகோட்டின் காதெலும்புப் படமும் ஊதாத் தவளையும் அதில் இடம்பெறட்டும். பாடத்தின் ஓரத்தில் 'தேர்வுக்கு அல்ல' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அப்படிப் போட்ட பக்கங்களை வகுப்பில் நடத்த ஆசிரியர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்