படைக்கு அன்ரிபயோட்டிக் மருந்தல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் இதழின் நலவாழ்வுப் பகுதியில் தோல் நோய்களைப் பற்றி வந்த கட்டுரையில், கட்டிக்கும் படைக்கும் ஒரே அன்ரிபயோட்டிக் கேட்கும் என்று ஒரு வரி இருந்தது. நெடுங்காலம் உயிரியல் கற்பித்த என்னால் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

படையை உண்டாக்குவது பங்கசு. பெனிசிலின் போன்ற மருந்து பற்றீரியாவின் கலச்சுவர் கட்டப்படுவதைத் தடுத்தே அதைக் கொல்கிறது. பங்கசுக்கும் சுவர் உண்டுதான். ஆனால் கல்லும் வேறு, மேசனும் வேறு. அதன் சுவருக்கு வலுத் தருவது கைற்றின். சந்தையில் வாங்கிய இறாலின் கோதை வகுப்புக்குக் கொண்டுபோய் மாணவர் கையில் கொடுப்பேன். வளைத்தால் வளையும், இலகுவில் கிழியாது. அந்தக் கோதில் இருப்பதும் கைற்றின்தான். 1811இல் பிரெஞ்சு நாட்டவரான பிரக்கோனோ இதை முதலில் பிரித்தெடுத்ததோ காளானிலிருந்து!

அந்தச் சுவர் எழும் விதத்தைச் சொல்லிக்கொடுக்கையில் எனக்கு ஒருபோதும் அலுத்ததில்லை. கைற்றின் இழை கலத்துக்குள்ளே திரிக்கப்பட்டு வெளியே கொண்டுவரப்படுவதில்லை. சுவருக்கு உட்புறமாகக் கலத்தைச் சூழ்ந்திருக்கும் மென்சவ்வில் பதிந்திருக்கும் நொதியம், உட்புறத்திலிருந்து வெல்ல அலகுகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கோத்து, கோக்கக் கோக்கவே இழையை வெளிப்புறம் தள்ளுகிறது. சுவரின் மற்றொரு பொருளான குளுக்கனின் இழைகளும் அவ்வாறே வருகின்றன. புரதங்கள் மட்டும் சிறு பைகளில் வந்து சேரும். பிறகு வெளியே நிற்கும் வேறு நொதியங்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பிணைக்கின்றன. பூசணம் பிடித்த பாணில் தெரியும் மெல்லிய நூல்கள் நுனியில்தான் வளர்கின்றன. நுனியில் சுவர் இளகியிருப்பதால் உள்ளழுத்தம் அதைத் தள்ளி நீட்டுகிறது. சற்றுப் பின்னால் அது இறுகிவிடுகிறது. பாண் தயாரிக்கும் மதுவத்தின் சுவரில் கைற்றின் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். அதுவும் இல்லையென்றால் அந்தக் கலம் பிழைக்காது.

இத்தனை வேலையில் ஒன்றையேனும் பெனிசிலின் தொடுவதில்லை. குளுக்கன் கோக்கும் நொதியத்தை முடக்கும் கஸ்போபங்கின் என்ற மருந்து 2001இல்தான் பாவனைக்கு வந்தது. நம் கலங்களுக்குச் சுவரே இல்லாததால் அது நமக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஆனால் அது கடுமையான உட்தொற்றுகளுக்கு நாளத்தில் ஏற்றுவது. படைக்குப் பூசும் குளோற்றிமசோல் சுவரை விட்டு, அதற்குள்ளிருக்கும் மென்சவ்வைக் குலைக்கிறது.

என் அயலில் ஒரு கடற்றொழிலாளி இருக்கிறார். ஈரச் சாரத்தோடு நாள் முழுதும் நிற்பவர். தொடையில் காசளவு வட்டமாகப் படை வந்தபோது ஒரு மருந்துக்கடையில் அன்ரிபயோட்டிக் குளிசையும் ஸ்ரீரொயிட் கலந்த களிம்பும் கொடுத்திருக்கிறார்கள். நாலு நாளில் சிவப்பும் கடியும் அடங்க, சுகமாகிவிட்டது என்றே நம்பியிருக்கிறார். ஸ்ரீரொயிட் அடக்கியது பங்கசையல்ல, அதை எதிர்க்கும் தோலின் காவலை. என்னிடம் காட்டியபோது படை இடுப்புவரை ஏறியிருந்தது. ஓரம் மங்கி, படை என்றே அடையாளம் தெரியவில்லை. தோல் வைத்தியரிடம் கூட்டிச்சென்றேன். மாறுவதற்கு மாதக்கணக்காயிற்று.

இங்கே மாரி தொடங்கினால் இப்படி வருவோர் கூடிவிடுவார்கள். அதற்கு முன்னர் அந்த வரிக்கான திருத்தத்தை, அதே பகுதியில், கண்ணில் படும்படி கட்டமிட்டுப் பிரசுரிக்குமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.