பேட்டரி ஒப்பீடு செய்யும் தமிழ் டெக் சேனல் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் போட்டுப் போன் வாங்குகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன்பு உங்கள் வீடியோவைத்தான் பார்க்கிறார்கள். கேமரா சுமாராக இருந்தால் சமாளித்துக்கொள்வார்கள். மதியம் மூன்று மணிக்கே சார்ஜ் தீர்ந்துபோகும் போனை வைத்துக்கொண்டு எதையும் சமாளிக்க முடியாது. செல்பேசி சர்வீஸ் தொழிலில் இருக்கிற எங்களிடம் அடிக்கடி வரும் புகார் இது: "வீடியோவுல எட்டு மணி நேரம் ஸ்கிரீன் டைம் காட்டுனாங்க, எனக்கு நாலுதான் வருது." பேட்டரியைச் சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் அதில் ஒரு குறையும் இருக்காது. குறை ஒப்பிட்ட விதத்தில் இருக்கிறது.

முதலில் எம்ஏஎச் (mAh, பேட்டரி தாங்கும் மின்னூட்டத்தின் அளவு) கணக்கு. பெட்டியில் இருக்கும் 5000, 6000 என்ற எண்களை வைத்தே பாதித் தீர்ப்பு சொல்லிவிடுகிறீர்கள். அந்த எண் மட்டும் ஆற்றலின் அளவு ஆகாது. அதை மின்னழுத்தத்தால் பெருக்கி வாட்-மணியாக மாற்ற வேண்டும். இப்போதைய போன்களில் பேட்டரிக்குள் இருக்கும் ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் பொதுவாக 3.87 வோல்ட்டை ஒட்டி இருக்கும். அப்படியென்றால் 5000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 19.4 வாட்-மணி, 6000 என்பது 23.2. இரண்டு செல்களைத் தொடராக இணைத்த வேகச் சார்ஜ் போன்களில் எம்ஏஎச் எண் இன்னும் குழப்பும். வாட்-மணியில் அந்தக் குழப்பம் இல்லை. பேட்டரியின் மேலேயே அது அச்சாகி இருக்கும். இன்னொன்று, விளம்பரத்தில் வருவது 'டிபிக்கல்' (சராசரியாகக் கிடைக்கும்) அளவு. கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவை 5000 என்று விற்ற சாம்சங், அதன் 'ரேட்டட்' (குறைந்தபட்சமாக உறுதி தரும்) அளவு 4855 என்று அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறது. ஒரு போனுக்கு டிபிக்கல், இன்னொன்றுக்கு ரேட்டட் என்று கலந்து போட்டால் ஒப்பீடு தொடங்கும்போதே கோணலாகிவிடும்.

வாட்-மணி கையில் இருந்தால் அடுத்த கணக்கு எளிது. 19.4 வாட்-மணி போன் நான்கு மணி நேரத்தில் 40% இறங்கினால் அது செலவழித்தது 7.76 வாட்-மணி, சராசரி 1.94 வாட். 23.2 வாட்-மணி போன் அதே நான்கு மணி நேரத்தில் 36% இறங்கினால் செலவு 8.35 வாட்-மணி, சராசரி 2.09 வாட். இரண்டாவது போன் அதிக நேரம் நிற்கும், ஆனால் பெரிய பேட்டரியின் தயவில் நிற்கும். இரண்டு எண்ணையும் சொல்லுங்கள். டேங்க் பெரிசா, மைலேஜ் நல்லதா என்று பைக் வாங்கும்போது தனித்தனியாகக் கேட்கிற நம் மக்களுக்கு இது உடனே புரியும்.

வெளிநாட்டு விமர்சனத்தில் வந்த மணிக்கணக்கை எடுத்து நம் ஊர் மாடலுக்குப் போடுவதை நிறுத்துங்கள். நத்திங் போன் (3) இந்தியாவில் 5500 எம்ஏஎச், மற்ற நாடுகளில் 5150. லித்தியம் செல்களைக் கப்பல், விமானம், சாலை வழியாக அனுப்பும் விதிகளில் ஒரு செல்லுக்கு 20 வாட்-மணி வரை சலுகை உண்டு. 3.87 வோல்ட்டில் அது 5170 எம்ஏஎச் அளவில் முடிந்துவிடும். பல நிறுவனங்கள் சில நாடுகளில் 5100, 5200 பக்கமாகவே நின்றுவிடுவதன் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. போனை இயக்கும் சிப்பும் நாட்டுக்கு நாடு மாறும். கேலக்ஸி எஸ்24 அமெரிக்காவில் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3, இந்தியாவில் தொடக்கத்தில் விற்றது எக்ஸினோஸ் 2400.

ஸ்கிரீன் ஆன் டைம் என்ற எண்ணைத் தனியாகக் காட்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. திரை எவ்வளவு நேரம் எரிந்தது என்பதுதான் அதில் தெரியும். என்ன வெளிச்சத்தில் எரிந்தது, எந்த நெட்டில், என்ன வேலை நடந்தது, திரை அணைந்திருந்த நேரத்தில் எவ்வளவு போனது, எதுவும் தெரியாது. வீட்டு வைஃபையில் யூடியூப் ஓடிய ஏழு மணி நேரமும் ரோட்டில் மேப் ஓடிய ஏழு மணி நேரமும் திரையில் ஒரே மாதிரிதான் காட்டும்.

வெளிச்சத்தைச் சமப்படுத்துவதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. "ரெண்டு போன்லயும் பிரைட்னஸ் 50% வச்சிருக்கோம்" என்கிறீர்கள். ஒரு போனின் 50% இன்னொன்றின் 50% அல்ல. ஒன்று 180 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு), மற்றது 300 நிட் என்று இருக்கலாம். வெளிச்சத்தை அளக்கும் ஒரு சாதாரண லக்ஸ் மீட்டர் போதும். ஆட்டோ பிரைட்னஸை அணையுங்கள். இரண்டிலும் ஒரே வெள்ளைப் படத்தை முழுத்திரையில் திறந்து, இருட்டறையில் மீட்டரின் கண்ணைத் திரையின் நடுவில் ஒட்டி வைத்து, இரண்டும் ஒரே எண் காட்டும்வரை ஸ்லைடரை நகர்த்துங்கள். 200 நிட் வேண்டுமென்றால் மீட்டரில் சுமார் 630 லக்ஸ் வர வேண்டும். நிட் கணக்கு துல்லியமாக வராவிட்டாலும் இரண்டு போனும் சமமாக இருக்கும், ஒப்பீட்டுக்கு அதுதான் தேவை. டார்க் மோடு போட்டால் சார்ஜ் அள்ளிக்கொண்டு மிச்சமாகும் என்று சொல்லும்போதும் வெளிச்சத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021-இல் ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்) திரை உள்ள போன்களில் அளந்தபோது, முழு வெளிச்சத்தில் 39 முதல் 47% வரை மிச்சமானது. வீட்டுக்குள் நாம் வைக்கும் 30, 50% வெளிச்சத்தில் வெறும் 3 முதல் 9%தான்.

சிம் விஷயமும் இப்படியே. ஒரு போனில் ஜியோ, இன்னொன்றில் ஏர்டெல் போட்டால் நீங்கள் ஒப்பிடுவது போன்களை அல்ல. ஜியோவின் 5ஜி தனித்து இயங்கும் வகை. ஏர்டெல் தொடங்கியது 4ஜி-யைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் வகையில், அதில் போன் இரண்டு இணைப்பையும் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம் வாங்குங்கள், இரண்டாவது சிம் இடத்தைக் காலியாக விடுங்கள். செட்டிங்ஸில் சிம் ஸ்டேட்டஸ் பக்கத்தில் சிக்னல் அளவு டிபிஎம் (dBm, சிக்னல் வலிமையின் அலகு) கணக்கில் இருக்கும். மைனஸ் 85 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 110-க்கும் கீழே போனால் டவரை எட்டுவதற்குப் போன் முழு பலத்தில் அலைபரப்பும், சூடாகும், சார்ஜ் இறங்கும். ஊர் ஓரத்தில் இருக்கிறவருக்கு "நாலு மணி நேரம்தான்" வருவதற்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கும். சோதனை நடந்த இடத்தின் சிக்னல் எண்ணைத் திரையில் காட்டினால் அவருக்குத் தன் நிலைமை புரியும்.

யூடியூப் ஓட்டிச் சோதிக்கும்போது 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்ற விவரப் பெட்டியைத் திறந்து கோடெக் (வீடியோவைச் சுருக்கி அனுப்பும் முறை) வரியைப் பாருங்கள். ஒன்றில் விபி9, மற்றதில் ஏவி1 ஓடினால் வேலையே வேறு. ஏவி1-ஐ அவிழ்க்கும் வன்பொருள் இல்லாத போன் அந்தச் சுமையை சிபியு-வின் தலையில் போடும்.

இனி, யாரும் செய்யாத, அவசியம் செய்ய வேண்டிய ஒரு சோதனை. சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள், பைக் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் பேட்டரியை நம்பித்தான் அன்றாட வருமானம் பார்க்கிறார்கள். அவர்கள் போன் ஏசி அறையில் இருப்பதில்லை. ஹேண்டில்பார் ஹோல்டரில் வெயிலில் இருக்கிறது. ஐபோனை 0 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சென்னையில் மே மாதம் நிழலிலேயே அதைத் தாண்டும். ஒரே பைக்கில் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, காலை 11 முதல் மதியம் 3 வரை மேப் நேவிகேஷன் ஓடட்டும். இந்தச் சோதனையில் மட்டும் ஆட்டோ பிரைட்னஸ் இருக்கட்டும். பல போன்களில் உச்ச வெளிச்சம் ஆட்டோவில்தான் வரும். அரை மணிக்கு ஒரு முறை சதவீதத்தையும் பேட்டரி வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சூடு ஏறியதும் சில போன்கள் திரையை மங்கலாக்கிச் சார்ஜைக் காப்பாற்றும். சதவீதத்தில் ஜெயிக்கும், ஆனால் மேப்பைப் படிக்க முடியாது. அதைச் சொல்லாமல் ஜெயித்தது என்று மட்டும் சொன்னால் அந்தத் தொழிலாளிக்குத் தவறான போனைக் கைகாட்டியதாக ஆகிவிடும். கடைசி ஒரு மணி நேரம் பவர் பேங்க் செருகிப் பாருங்கள். சூட்டில் போன் சார்ஜ் ஏற்றும் வேகத்தைக் குறைக்கும். சிலவற்றில் கேபிள் மாட்டியும் சதவீதம் ஏறாது.

இரவுச் சோதனையிலும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கிறது. 11 மணிக்கு 100% விட்டு காலை 6 மணிக்கு 98% இருந்தால் பாராட்டுகிறீர்கள். பின்னணியில் ஓடும் ஆப்களைக் கண்டபடி மூடிவிடும் போனும் அந்த 98-ஐக் காட்டும். இரவில் இரண்டு, மூன்று முறை இரண்டு போனுக்கும் வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். காலையில், அனுப்பிய போனில் அந்தச் செய்தியின் 'இன்ஃபோ'வைத் திறந்தால் 'டெலிவர்டு' நேரம் இருக்கும். 2 மணிக்கு அனுப்பியது 5.40-க்குப் போய்ச் சேர்ந்திருந்தால் அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

பெட்டி பிரித்த அன்றே சோதிக்க வேண்டாம். ஆப் நிறுவல், போட்டோ பேக்கப், தேடலுக்காகக் கோப்புகளை அட்டவணைப்படுத்தல் என்று முதல் சில நாட்கள் பின்னணி வேலை அதிகம். ஒரு வாரம் விடுங்கள். 100-லிருந்து 80 வரை இறக்கி ஐந்தால் பெருக்குவதும் வேண்டாம். சதவீதம் என்பது ஒரு சிப் போடும் மதிப்பீடு. பல போன்கள் 100-லேயே வெகுநேரம் நிற்கும், 20-க்குக் கீழே சரசரவென இறங்கும். 100-லிருந்து 5 வரை ஓட்டுங்கள்.

ஆயுள் பற்றியும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் ஒவ்வொரு போனின் லேபிளிலும் ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம், 80% கொள்ளளவுக்கு இறங்க எத்தனை சுழற்சி (முழுதாக ஒருமுறை சார்ஜ் ஏற்றி இறக்குவது) என்பதைப் போட வேண்டும். குறைந்தது 800 சுழற்சி தாங்க வேண்டும் என்பதும் அங்கே விதி. இந்திய மாடலுக்கு அந்தச் சுழற்சி எண்ணைத் தருமாறு விமர்சனப் போன் அனுப்பும் நிறுவனங்களிடம் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அதையும் வீடியோவில் சொல்லுங்கள்.

அடுத்த ஒப்பீட்டு வீடியோவின் கீழே இவற்றை எழுதுங்கள்: இரண்டு பேட்டரியின் வாட்-மணி, மென்பொருள் பதிப்பு, லக்ஸ் எண், ரிஃப்ரெஷ் ரேட் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது), சிம் நிறுவனம், சிக்னல் டிபிஎம், சோதித்த இடத்தின் வெப்பநிலை, தொடங்கிய சதவீதம், முடிந்த சதவீதம், எடுத்த நேரம். ஏற்கெனவே போட்ட வீடியோக்களுக்கும் கையில் இருக்கும் விவரங்களைச் சேர்த்துவிடுங்கள். பழைய மாடல்களைப் பாதி விலைக்கு வாங்குகிறவர்கள் அவற்றைத்தான் பார்க்கிறார்கள்.

அன்புடன்,
செல்பேசி சர்வீஸ் தொழிலாளர்கள் சிலர்