காட்டுயிர் நோய் ஆய்வுக்கு இரு படிப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவுகளையொட்டி வெளியாகும் உயர்கல்வி வழிகாட்டிப் பகுதிகளில் கால்நடை மருத்துவமும் காட்டுயிரியலும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற துறைகளாகவே காட்டப்படுகின்றன. காட்டு விலங்குகளின் நோய்களை ஆராய விரும்பும் மாணவருக்கு இரண்டிலும் பயிற்சி வேண்டும்.

இறந்த மாடுகளைத் தின்னும் பாறுக் கழுகுகளின் அழிவு இதற்குத் தக்க சான்று. ராஜஸ்தானின் கேவலாதேவ் பூங்காவில் 1980களில் தாம் எடுத்த கணக்கோடு ஒப்பிட்டு, அப்பறவைகள் வேகமாகக் குறைவதை 1990களில் வெளிப்படுத்தியவர் பறவையியலாளர் விபு பிரகாஷ். தொற்றுநோயாக இருக்கலாம் என்றே முதலில் ஐயுற்றார்கள். பாகிஸ்தானில் இறந்துகிடந்த கழுகுகளை உடற்கூறாய்வு செய்த அமெரிக்கக் கால்நடை நுண்ணுயிரியலாளர் லிண்ட்சே ஓக்ஸும் அவருடைய குழுவினரும், சிறுநீரகம் செயலிழந்து உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் படிந்திருந்ததைக் கண்டு, மாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநிவாரணியே காரணம் என 2004இல் நிறுவினார்கள். கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்த 2006இல் இந்தியா தடை விதித்தது. கணக்கெடுப்பு இல்லாவிட்டால் சரிவே தெரிந்திருக்காது. அறுத்துப் பார்க்காவிட்டால் காரணம் தெரிந்திருக்காது. இன்று மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள பாறுகளைக் காப்போருக்கும் இவ்விரு திறன்களும் தேவைப்படுகின்றன.

1957இல் சிவமொக்கா மாவட்டத்தில் குரங்குகளையும் மக்களையும் கொன்ற கியாசனூர்க் காட்டு நோயும் இத்தகையதே. நோய்க்கிருமியை ஆய்வகம் காட்டிவிடும். காட்டில் மேயும் மாடுகளால், அந்நோயைப் பரப்பும் உண்ணிகள் எப்படிப் பெருகுகின்றன என்பதை அறியச் சூழலியல் வேண்டும்.

கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு, உள்ளிருப்புப் பயிற்சியுடன் ஐந்தரை ஆண்டுகள். அதில் பெரும்பகுதி ஆடு, மாடு, கோழிகளைப் பற்றியது. நாட்டின் தேவை அதுவென்பதால் குறை சொல்வதற்கில்லை. அதை முடித்தவர் டேராடூனில் உள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தில் முதுநிலை அறிவியல் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். மாறாக, விலங்கியல் படித்துவிட்டு மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி போன்ற இடங்களில் காட்டுயிரியல் முதுநிலை முடித்தவருக்குக் கால்நடை மருத்துவ முதுநிலைப் படிப்பில் இடமில்லை, ஏனெனில் அதற்கு அத்துறையின் இளநிலைப் பட்டம் கட்டாயம். எனவே விலங்குகளுக்குச் சிகிச்சையளிக்கவும் விரும்பும் மாணவர், கால்நடை மருத்துவத்தில் தொடங்குவதே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், காட்டுயிரியல் கற்பிக்கும் கல்லூரிகளுடன் உடன்பாடு செய்துகொண்டு, தன் மாணவர்களுக்கு விலங்குக் கணக்கெடுப்பிலும், அக்கல்லூரி மாணவர்களுக்கு மாதிரி சேகரிப்பு, உடற்கூறாய்வு ஆகியவற்றின் அடிப்படைகளிலும் சில வாரப் பயிற்சியளிக்கலாம். முதுமலையிலோ சத்தியமங்கலத்திலோ வனத்துறையின் அனுமதியுடன் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க அரசு ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.