ரத்தம் ஏற்றும் முன் ஒரு குழாய் ரத்தம் எடுத்து வையுங்கள்

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தலைவர்களுக்கும் ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

அடினோசின் டிஅமினேஸ் (ஏடிஏ) என்ற நொதி எதற்கு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது இல்லாத குழந்தைக்கு எதிர்ப்பாற்றலே இல்லாமல் போகும் என்பது 1972-லேயே அமெரிக்க மருத்துவர் எலோயிஸ் ஜிப்லெட் கண்டு சொன்னது. உடைபட வேண்டிய டிஆக்ஸிஅடினோசின் தேங்கித் தேங்கி, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான லிம்போசைட்டுகளைக் கொல்கிறது. இதெல்லாம் தெரிந்தவர்கள் நீங்கள். அதனால்தான் எங்கள் மகளுக்கு நடந்ததை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கைக்குழந்தையாக நிமோனியாவோடு சேர்த்தோம். வாயெல்லாம் வெண்புண்; நாலு முறை சப்பிவிட்டுப் பாலை விட்டுவிட்டு அழுவாள். ஹீமோகுளோபின் இறங்கியதும் ரத்தம் ஏற்றினார்கள். அது தேவைதான், அதில் எனக்குக் குறையில்லை. அப்புறம்தான் எதிர்ப்பாற்றல் மேல் சந்தேகம் வந்து ஏடிஏ பார்க்க ரத்தம் அனுப்பினார்கள். 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்தது.

அந்தப் பரிசோதனையில் நொதியை அளந்தது சிவப்பணுக்களில். அவள் உடம்பில் அப்போது ஓடியதில் பெரும்பங்கு, முகம் தெரியாத யாரோ கொடுத்த சிவப்பணுக்கள். அளந்தது என் மகளின் நொதியை அல்ல, அவருடையதை. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அது கழிவதற்குள் மறுபடி ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. கோப்பில் மட்டும் 'ஏடிஏ குறைபாடு இல்லை' என்ற வரி அப்படியே இருந்தது. அடுத்தடுத்து வந்த மருத்துவர்கள் அதை நம்பி வேறெங்கோ தேடினார்கள். கடைசியில் மரபணுப் பரிசோதனைதான் உண்மையைச் சொன்னது.

பிறகு அந்தப் பழைய விண்ணப்பத் தாளை வாங்கிப் பார்த்தேன். 'கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதி' என்று ஒரு கட்டம் இருந்தது. யாரும் நிரப்பவில்லை. காலியாக இருக்கிறதே என்று ஆய்வகத்திலும் யாரும் கேட்கவில்லை.

இந்த நோயில் காலதாமதம் சாதாரண விஷயமில்லை. இதுவும் சேர்ந்த கடுமையான எதிர்ப்பாற்றல் குறைபாடுகளில், மூன்றரை மாதத்துக்குள் ஸ்டெம் செல் மாற்று நடந்த குழந்தைகளில் 94 சதவீதம் பேர் ஐந்தாண்டு கடந்து உயிரோடு இருந்ததாக 2014-இல் வந்த வட அமெரிக்க ஆய்வு சொல்கிறது. தொற்று பிடித்த பிறகு அந்த வாய்ப்பு சரிகிறது. ஏடிஏ குறைபாடு என்று தெரிந்தால், மாற்று சிகிச்சைக்குக் காத்திருக்கும்போதே நொதி ஊசி தொடங்கலாம். எங்களுக்கு அந்த மாதங்கள் போனது போனதுதான்.

ஆகவே என் கோரிக்கை: சந்தேகத்துக்கு இடமுள்ள எந்தக் குழந்தைக்கும் ரத்தம் ஏற்றும் முன் ரத்தம் உறையாமல் வைக்கும் ஒரு இடிடிஏ குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து வையுங்கள். அவசரத்தில் அதுவும் முடியாதென்றால் வடிதாளில் சில சொட்டாவது உலர வையுங்கள்.

'முதலில் சந்தேகம் வர வேண்டுமே' என்பீர்கள். எப்படி வரும்? கைக்குழந்தையின் லிம்போசைட் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் பெரியவர்களின் அளவை அச்சடித்துக் கொடுத்தால், பெரியவருக்குச் சரியான 1,500 குழந்தைக்கு அபாயம் என்று யார் கண்ணில் படும்? பச்சிளம் குழந்தைகளின் குதிகாலில் எடுக்கும் ரத்தத்தில், இத்தகைய எதிர்ப்பாற்றல் குறைபாட்டைக் காட்டிக்கொடுக்கும் ட்ரெக் பரிசோதனையை விஸ்கான்சின் மாநிலம் 2008-இல் தொடங்கியது. 2018 முடிவதற்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் வந்துவிட்டது. மற்ற குழந்தைகள் இன்னும் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்?

சரி, அது அரசுகள் முடிவு செய்ய வேண்டியது. நான் கேட்பதற்குச் சட்டமோ புதுக் கருவியோ வேண்டாம். உங்கள் பிரிவில் ஒரு சுற்றறிக்கை போதும். ரத்தம் ஏற்றும் முன் மாதிரி எடுங்கள். தேதிக் கட்டம் காலியாக வந்தால் ஆய்வகம் ரிப்போர்ட் கொடுக்காமல் போன் செய்து கேட்கட்டும். ரத்தம் ஏற்றிய பின் எடுத்த மாதிரி என்றால், 'இந்த முடிவை நம்ப முடியாது' என்று அந்தத் தாளிலேயே எழுதட்டும்.

தயவுசெய்து இந்த மாதமே செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஏடிஏ குறைபாடுள்ள ஒரு குழந்தையின் தாய்