மூன்றாம் பக்கம்

கோபிசெட்டிப்பாளையம்
ஐப்பசி 9

அன்பு மகன் செந்திலுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். அம்மாவின் முழங்கால் வலி முன்னைப் போலவே இருக்கிறது. ஆடிப் பதினெட்டுக்குப் பேசிய பிறகு நீ பேசவில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. பெரியப்பா மகனோடு சேர்ந்து புதிதாகக் கம்பெனி தொடங்கியவனுக்கு நேரம் எங்கிருந்து வரும் என்று அம்மாவை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன். அந்த அண்ணன் மட்டும் போன வாரம் பெரியம்மாவிடம் பேசினானாம். உன்னைப் பற்றிக் கேட்டதற்கு, "அவனையே கேளுங்கள்" என்றானாம். அது இருக்கட்டும்.

நீ கல்லூரியில் படிக்கும்போது வாங்கிப் பரணில் போட்டுவிட்டுப் போன ஹாலிவுட் வரலாற்றுப் புத்தகங்களை இறக்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு மாதமாகப் படித்துவருகிறேன். முப்பத்தோரு ஆண்டு தியேட்டர் நடத்தியவனுக்கு அவர்களுடைய தொழில் கணக்கு புரியாமல் போகாது. நீ பிழைக்கிற ஊரை உண்டாக்கியவர்களைப் பற்றி உனக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆனாலும் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் படிப்பது போல நீ அதைப் படித்திருக்க மாட்டாய்.

முதலில் என்னை வியக்கவைத்தது, அவர்களில் பெரும்பாலோர் கேமராவைத் தொட்டுப் பழகாதவர்கள் என்பதுதான். யுனிவர்சல் ஸ்டூடியோவைத் தொடங்கிய கார்ல் லெம்லி ஆஷ்காஷ் என்ற சிற்றூரில் துணிக்கடை மேலாளராக இருந்தவர். அடால்ஃப் ஜூக்கர் விலங்குரோம ஆடை வியாபாரி. சாமுவேல் கோல்ட்ஃபிஷ் ஊர் ஊராகக் கையுறை விற்றவர். லூயி மேயரின் அப்பா பழைய இரும்பு வியாபாரி. வார்னர் சகோதரர்களின் அப்பா செருப்புத் தைத்தவர். 1908 இல் எடிசனும் மற்ற கம்பெனிகளுமாகப் பத்துப் பேர் சேர்ந்து காப்புரிமைக் கூட்டு ஒன்றை அமைத்து, கச்சா ஃபிலிமையும் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டு, படம் காட்டுகிற ஒவ்வொருவனும் தன் புரொஜெக்டருக்காக வாரம் 2 டாலர் கட்ட வேண்டும் என்றார்கள். காசு கொடுத்து வாங்கிய மெஷினை ஓட்டுவதற்கு இன்னொருவனுக்கு வாடகை! லெம்லி கட்ட மறுத்துத் தானே படம் எடுக்கத் தொடங்கினார். அவர்மேல் 289 வழக்குகள் போட்டார்கள். 1915 இல் நீதிமன்றம் அந்தக் கூட்டு சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டே அவர் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் யுனிவர்சல் சிட்டியைத் திறந்தார். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்தாறு வயதில் இரண்டு பெட்டியோடு விமானம் ஏறிய உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமையை உன்னிடம் நான் ஒருபோதும் சொன்னதில்லை என்று அம்மா சொல்கிறாள். இப்போது எழுதிவிட்டேன்.

ஆனால் இந்தப் புத்தகங்களில் நான் பென்சிலால் கோடு போட்டிருக்கும் இடங்கள் வேறு. எல்லாம் கையெழுத்து சம்பந்தப்பட்டவை.

ஜூக்கரை எடுத்துக்கொள். ஹங்கேரியில் ஒரு கிராமத்தில் தாய் தகப்பனை இழந்து, கோட்டின் உள்துணியில் சுமார் 40 டாலரைத் தைத்துக்கொண்டு கப்பலேறிய பையன். அதிகம் பேசாதவர், பொறுமைசாலி. பாரமௌன்ட் என்ற பெயர் முதலில் அவருடையது அல்ல. ஹாட்கின்சன் என்பவர் 1914 இல் தொடங்கிய விநியோகக் கம்பெனியின் பெயர் அது. தயாரிப்பாளருக்கு முன்பணம் கொடுத்து, வசூலில் 35 சதவீதம் எடுத்துக்கொள்கிற ஏற்பாட்டைச் செய்தவர் ஹாட்கின்சன். ஜூக்கர் அவருக்குப் படம் கொடுத்துக்கொண்டே, சத்தமில்லாமல் அந்தக் கம்பெனியின் பங்குகளை வாங்கினார். 1916 ஜூன் மாதக் கூட்டத்துக்கு ஹாட்கின்சன் தலைவராக உள்ளே போனார். வெளியே வரும்போது தலைவர் வேறொருவர். அதற்குப் பிறகுதான் அந்தக் காலத்துப் பெரிய நட்சத்திரமான மேரி பிக்ஃபோர்டின் படம் வேண்டுமானால் கூடவே வேறு பல படங்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற மொத்தக் கட்டு முறை தியேட்டர்காரர்களுக்கு உறைக்கத் தொடங்கியது. தீபாவளிப் படத்துக்காக ஓடாத இரண்டு படங்களை நம் தலையில் கட்டிய கதை உனக்கு நினைவிருக்கும். அந்தத் தந்திரத்தின் பாட்டன் இவர்தான் என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தியேட்டர்காரர்கள் 1917 இல் ஒன்றுகூடி எதிர்த்தபோது, அவர் தியேட்டர்களையே வாங்கத் தொடங்கினார். 1948 இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் பெரிய ஸ்டூடியோக்களின் கையிலிருந்து தியேட்டர்கள் பிரிந்தன. ஜூக்கர் அதையும் பார்த்து, 103 வயது வரை இருந்தார்.

உனக்கும் அந்தப் பொறுமை உண்டு, செந்தில். கணக்கும் உனக்கு நன்றாக வரும். உன் அண்ணனுக்கு வேலை வரும், கணக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கம்பெனியின் காகிதங்களை எல்லாம் நீதான் பார்த்துக்கொள்கிறாய் என்று சொன்னாய். எதையும் முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

கோல்ட்ஃபிஷ் கதையும் அதே 1916 இல்தான் வருகிறது. மனைவியின் அண்ணன் ஜெஸ்ஸி லாஸ்கியோடு சேர்ந்து 1913 இல் கம்பெனி தொடங்கியவர். ஜூக்கரின் கம்பெனியோடு அதை இணைத்த சில மாதங்களிலேயே, நானா அவனா என்று ஜூக்கர் லாஸ்கியைக் கேட்டாராம். அதற்குள் திருமணமும் முறிந்திருந்தது. லாஸ்கி மைத்துனனைக் கைவிட்டுவிட்டார். 9 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், செல்வின் என்ற சகோதரர்களோடு கூட்டுச் சேர்ந்து, இருவர் பெயரையும் பிய்த்து ஒட்டிய கோல்ட்வின் என்பதைக் கம்பெனிக்கு வைத்து, பிறகு அதையே தன் பெயராகவும் ஆக்கிக்கொண்டார். அங்கிருந்தும் 1922 இல் வெளியேற்றப்பட்டார். மெட்ரோ கோல்ட்வின் மேயர் என்று சிங்கம் கர்ஜிக்கிறதே, அந்தக் கம்பெனியில் அவர் ஒரு நாள்கூட இருந்ததில்லை. பெயர் பலகையில் இருக்கிறது, ஆள் தெருவில் இருக்கிறார்.

சொந்தபந்தத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர் லெம்லி. உறவுக்காரர்களை எல்லாம் சம்பளப் பட்டியலில் வைத்திருந்ததால் ஊரே அவரை மாமா என்று கேலி செய்தது. மகனுக்கு 21 வயது ஆனதும் ஸ்டூடியோவைக் கையில் கொடுத்தார். 1936 இல் கடனுக்காக அப்பாவும் பிள்ளையும் அதை இழந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஒரு படம்கூட எடுக்கவில்லை. அப்பா இறந்தது 1939 செப்டம்பர் 24; பிள்ளை இறந்தது 1979 இல், அதே தேதியில். இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

வார்னர் சகோதரர்களைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இவ்வளவு நேரம் சுற்றிவந்துவிட்டேன்.

நான்கு பேர். பென்சில்வேனியாவில் முதல் தியேட்டரைத் தொடங்கியபோது நாற்காலிகள் இல்லாமல், பக்கத்தில் சவ அடக்கம் செய்துவைப்பவரிடம் 99 நாற்காலிகளை இரவல் வாங்கினார்களாம். ஊரில் சாவு விழுந்த அன்று சனங்கள் நின்றுகொண்டு படம் பார்த்தார்களாம். நம் டூரிங் கொட்டகைக்குப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெரியப்பா வண்டியில் ஏற்றிவந்ததை அப்பத்தா உனக்குச் சொல்லியிருப்பார். மூத்தவர் ஹாரி நியூயார்க்கில் பணத்தைப் பார்த்தார், கடைசித் தம்பி ஜாக் கலிஃபோர்னியாவில் படத்தைப் பார்த்தார். இருவருக்கும் ஆகாது. நடுவில் இருந்த சாம்தான் இருவரையும் சேர்த்துக் கட்டிவைத்திருந்தவர். பேசும் படம்தான் எதிர்காலம் என்று ஒற்றைக் காலில் நின்றவரும் அவரே. அவர்கள் எடுத்த பேசும் படமான தி ஜாஸ் சிங்கர் 1927 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கில் வெளியானது. சாம் அதற்கு முந்தின நாள் லாஸ் ஏஞ்சலிஸில் இறந்துபோனார். அந்தக் கைதட்டலைக் கேட்க நான்கு பேரில் ஒருவரும் அரங்கில் இல்லை.

நம் வீட்டில் சாம் இருந்த இடத்தில் இருந்தவர் உன் அப்பத்தா.

1956 இல் சகோதரர்கள் மூவரும் தங்கள் பங்குகளை ஒரு வங்கியாளரின் குழுவுக்கு விற்பதாக முடிவானது. ஜாக் மட்டும் அந்தக் குழுவோடு தனியாகப் பேசி, தன் பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அண்ணன் உட்கார்ந்திருந்த தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹாரி அதைப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். அதோடு உடம்பு விழுந்தது. இரண்டு ஆண்டில் போய்விட்டார். ஜாக் அப்போது பிரான்சில் இருந்தார்; அடக்கத்துக்கு வரவில்லை.

நான் பெரியப்பாவின் காரியத்துக்குப் போனேன். அந்த வகையில் ஜாக்கைவிட நான் மேல் என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். கண்ணு, உனக்குத் தெரிந்த கதை பாதிதான். அப்பத்தா போன மறு ஆண்டு தியேட்டரைக் கல்யாண மண்டபத்துக்காரருக்கு இருவரும் சேர்ந்து விற்றோம் என்பது வரை உண்மை. முன்பக்கத்து ஆறு கடைகளையும் குறைந்த விலைக்கு எனக்கே திரும்ப எழுதிக்கொடுத்துவிட வேண்டும் என்று வாங்கியவரிடம் நான் முன்பே பேசிவைத்திருந்தேன். அது பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. சார் பதிவாளர் அலுவலகத்து வேப்பமரத்தடியில் பெரியப்பா கண்ணாடியைத் தேடியபோது, "நான் படித்துவிட்டேன் அண்ணா, நீங்கள் போடுங்கள்" என்று சொன்னவன் நான். அவரும் போட்டார். பின்னால் தெரிந்தபோது சண்டைக்கு வரவில்லை. சாவிக்கொத்தைப் பெரியம்மாவிடம் கொடுத்தனுப்பினார், அவ்வளவுதான். உன் கல்லூரிக் கட்டணம் அந்தக் கடைகளின் வாடகையில் போனது. உன் அண்ணன் பாலிடெக்னிக்கோடு நின்றான்.

ஆகவே மேலே எழுதிய புத்தியை நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும். நீ படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் அல்ல என்பது எனக்குத் தெரியும். அவனைப் படிக்கவிடாமல் போடவைத்துவிடாதே. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றால் இந்தக் கிழவனின் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. எனக்குக் கோபம் வராது, சந்தோஷமாகத்தான் இருக்கும்.

அந்தப் பத்திரத்தின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தை உன் அண்ணனிடம் காட்டு. கடைகளில் பாதியை அவன் பெயருக்கு மாற்ற அவனுடைய அடையாளச் சான்றின் நகல் வேண்டும் என்று பத்திரம் எழுதுகிறவர் சொல்கிறார். அதை அவனிடம் கேட்டு வாங்கி நீயே அனுப்பு; நான் நேராகக் கேட்டால் தரமாட்டான்.

இப்படிக்கு,
அப்பா